புதிய உத்தியோகமும் முதல் ஆறு மாதமும்

(சங்கத்தின் இளைஞர் பகுதிக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்துருவம்)



புதிதாக உத்தியோகம் ஏற்கும் இளைஞரின் நாளாந்த வாழ்க்கையைப் பற்றிப் பேசும்படி காரியதரிசி அவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார். கேட்கும்பொழுதே, "கணினித் துறைக்குப் போகிற பிள்ளைகளுக்கு விளங்கும்படி பேசுங்கள், அவர்களைப் பெற்றவர்களுக்கும் விளங்கும்படி பேசுங்கள்" என்று ஒரு நிபந்தனையும் வைத்தார். முதலாவது இலகு. இரண்டாவதுதான் கஷ்டம். ஆகவே கஷ்டமானதிலிருந்தே தொடங்குகிறேன்.

உத்தியோகம் என்ற சொல்லைக் கேட்டவுடன் முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர் மனத்திலே ஒரு படம் எழும். 1956ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் ஓடத் தொடங்கிய யாழ்தேவியிலே, ஒரு தகரப் பெட்டியும், அம்மா கட்டிக்கொடுத்த புழுக்கொடியலும் பனங்கட்டிக் குட்டானுமாகக் கொழும்புக்குப் புறப்பட்ட இலிகிதர் ஒருவரின் படம் அது. அவருக்கு ஒரு கந்தோர் இருந்தது. கந்தோரிலே ஒரு மேசையும், மேசையிலே கோவைகளும் இருந்தன. மாலையானதும் கோவையை மூடிவிட்டுப் போகலாம். கடைசியிலே பென்சனும் இருந்தது. அவர் என்ன வேலை செய்கிறார் என்று ஊரிலே ஒருவரும் கேட்கவில்லை; கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இன்றைக்கு மென்பொருள் நிறுவனமொன்றில் நியமனம் பெற்ற பிள்ளையின் வீட்டிலே நிலைமை வேறு. வாரத்தில் சில நாள் கந்தோர், சில நாள் வீடு. வீட்டிலிருக்கும் நாளிலே அறைக்குள் மடிக்கணினியோடு இருக்கிறான். தாயார் தேநீர் கொண்டுபோய்ப் பார்க்கிறார். பிள்ளை தட்டச்சுச் செய்யவுமில்லை, எழுதவுமில்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருக்கிறான். அரை மணி கழித்துப் போனாலும் அதே திரை, அதே கை. "இதற்கா இவ்வளவு சம்பளம் தருகிறார்கள்?" என்று ஒரு தாயார் என்னிடமே கேட்டார். அது நியாயமான கேள்வி. அதற்கு மறுமொழி சொல்லாமல் மேலே போக முடியாது.

அம்மா, உங்கள் பிள்ளை வாசித்துக்கொண்டிருக்கிறான். கணினி வேலை என்றால் எழுதுவது என்றே வெளியில் உள்ளவர்கள் எண்ணுகிறார்கள். உண்மையிலே எழுதுவது கொஞ்சம்; பிறர் எழுதியதை வாசித்து விளங்கிக்கொள்வதுதான் பெரும்பங்கு. பல்கலைக்கழகத்திலே மாணவன் ஐந்நூறு வரியிலே ஒரு செய்நிரலைத் தானே தொடங்கித் தானே முடிக்கிறான்; புள்ளி கிடைத்ததும் அதை மறந்துவிடுகிறான். நிறுவனத்திலே அவன் கையில் கொடுக்கப்படுவது பல இலட்சம் வரிகள் கொண்டதொன்று. அதை எழுதியவர்களிலே பாதிப்பேர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார்கள். மிகுதிப்பேரிலே சிலர் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். எழுதியவர் இல்லை, ஆனால் எழுதியது ஓடிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் எங்கோ ஒரு நாட்டிலே கடைகளும் வங்கிகளும் வைத்தியசாலைகளும் நம்பிக்கை வைத்து நடக்கின்றன. இந்த நிலையிலே புதிதாக வந்தவன் ஒரு வரியை மாற்ற வேண்டும்.

நம்மூர்ப் பங்குக் கிணற்றை எல்லோரும் அறிவீர்கள். ஆறு வளவுக்குப் பொதுவான கிணறு. காணியொன்றைப் புதிதாக வாங்கியவர் ஒருவர் வருகிறார். வாய்க்கால் கோணலாகப் போவது அவர் கண்ணுக்குப் பிடிக்கவில்லை. நேராக்கினால் நல்லது என்று தோன்றுகிறது. நேராக்கியும் விடுகிறார். மறுநாள் காலை, மூன்றாம் வளவு வாழைக்குத் தண்ணீர் இல்லை. அந்தக் கோணலை வெட்டியவர் விசரர் அல்லர். அங்கே ஒரு காரணம் இருந்தது. காரணத்தை எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். பழைய செய்நிரலிலுள்ள கோணல்களும் பெரும்பாலும் இப்படிப்பட்டவையே.

இதற்கு ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் அது நம் நாட்டைப் பற்றியது. உலகத்திலுள்ள ஏறத்தாழ எல்லாக் கணினிகளிலும் கைத்தொலைபேசிகளிலும், நாடுகளின் நேர மாற்றங்களைக் குறித்து வைத்திருக்கும் பொது அட்டவணை ஒன்று ஏதோவொரு வடிவத்தில் இருக்கிறது. அதிலே கொழும்பு என்ற பதிவைத் திறந்து பார்க்கிற பிள்ளை திகைத்துப் போவான். இலங்கை நேரம் சர்வதேச நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே என்பதைத்தானே நாம் அறிவோம்? அங்கே வேறு கணக்குகளும் கிடக்கும். 1996ஆம் ஆண்டு வைகாசி மாதத்திலே மின்சாரத் தட்டுப்பாட்டை முன்னிட்டு அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. நேரம் ஆறரை ஆயிற்று. அதே ஆண்டு ஐப்பசியிலே அரை மணித்தியாலம் பின்னே இழுத்தது, ஆறாயிற்று. அப்படியே பத்தாண்டுவரை போய், 2006ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டை ஒட்டி மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. வடக்கிலும் வன்னியிலும் அக்காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு, "பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்காமல் ஒரு கலியாணத்துக்கும் போக முடியாதிருந்தது நினைவிருக்கும். அரசாங்கத்தின் நேரம் ஒன்று, அரசாங்கத்தின் கட்டுப்பாட்டில் இல்லாத இடத்தின் நேரம் இன்னொன்று.

இனி, 2000ஆம் ஆண்டிலே ஒரு வைத்தியசாலையிற் பிறந்த குழந்தையின் பிறந்த நேரத்தைச் சர்வதேச நேரத்துக்கு மாற்றிச் சேமிக்கும் செய்நிரல் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலே பழைய எழுத்தாளன் ஒருவன், "இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டுவரை ஆறு" என்று ஒரு வரி போட்டிருக்கிறான். 2003ஆம் ஆண்டிலே பிறந்த நம் புதிய பொறியியலாளன் அதைப் பார்க்கிறான். இலங்கை நேரம் ஐந்தரை என்பது குழந்தைக்கும் தெரியும். இது பிழை என்று எண்ணி அழித்துவிடுகிறான். அழித்தால் என்ன நடக்கும்? ஓர் ஆயிரம் பேருடைய பிறந்த நேரம் அரை மணித்தியாலம் நகரும். நள்ளிரவை அடுத்துப் பிறந்தவர்களின் பிறந்த திகதியே மாறும். சாதகக்காரர் சண்டைக்கு வருவதற்கு முன் பதிவாளர் வருவார்.

ஆகவே ஒரு வரியை அழிக்கு முன் அதை யார் போட்டார், எப்போது போட்டார், ஏன் போட்டார் என்று பார்க்க வேண்டும். இதற்கென்றே கருவி உண்டு. 2005ஆம் ஆண்டிலே லினஸ் தோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்துக்காரர், தாம் ஆக்கிய லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் வேலைக்காக 'கிற்' என்னும் பதிவு முறையொன்றைச் செய்தார். இன்று ஏறக்குறைய எல்லா நிறுவனங்களிலும் அதுவே பாவனையில் உள்ளது. ஒவ்வொரு வரிக்கும் எழுதியவர் பெயரும் திகதியும், அவர் மனம் வைத்து எழுதியிருந்தால் காரணமும் அதிலே கிடைக்கும். முதல் மாதத்திலே புதிய பிள்ளைகள் இந்தப் பழைய பதிவுகளை வாசிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். புதிய மொழி படிப்பதைக் காட்டிலும் அதிலே பயன் அதிகம். அன்றியும், தாங்கள் ஒரு வரி மாற்றும்பொழுது காரணத்தை ஒழுங்காக எழுதி வைக்கவும் அது பழக்கும். "திருத்தம்" என்று ஒற்றைச் சொல்லிலே எழுதிவிட்டுப் போகிறவர்களைப் பின்வருகிறவர்கள் வாழ்த்தமாட்டார்கள்.

இனி இளைஞர்களோடு நேரே பேசுகிறேன்.

நம் பிள்ளைகள் பரீட்சைக்குப் பயப்படுவதில்லை. கேள்வி கேட்கத்தான் பயப்படுகிறார்கள். இதற்குக் காரணம் நம்முடைய வகுப்பறைகளிலே இருக்கிறது என்று சொன்னால் இங்குள்ள ஆசிரியப் பெருமக்கள் மன்னிக்க வேண்டும். கேள்வி கேட்கிறவன் விளங்காதவன், விளங்காதவன் படியாதவன் என்று ஒரு கணக்கு நம்மிடம் இருக்கிறது. அந்தக் கணக்கோடு பிள்ளை நிறுவனத்துக்குப் போகிறான். அங்கே காலையிலே பத்து நிமிஷம் நின்றபடி ஒரு கூட்டம். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப்போகிறாய், எங்கே தடைப்பட்டிருக்கிறாய் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். மூன்றாவது கேள்விக்கு நம் பிள்ளை, "ஒன்றுமில்லை" என்கிறான். மறுநாளும் ஒன்றுமில்லை. நாலாம் நாள், தடை இருந்தது எல்லோருக்கும் தெரியவருகிறது. அதற்குள் நாலு நாள் போய்விட்டது. பிள்ளையும் நாலு இரவு நித்திரை கொள்ளவில்லை.

இதிலே ஆங்கிலமும் ஒரு முள். வாசித்தால் விளங்கும், எழுதினால் பிழையில்லை, ஆனால் வாய் திறந்தால் தடுக்கிறது. கொழும்புப் பாடசாலைகளிலே படித்தவர்கள் மளமளவென்று பேசுவதைக் கேட்டதும் மௌனமாகிவிடுகிறான். அவர்கள் பேசுவதிலே பாதி வெறும் பேச்சு என்பதை அறிய அவனுக்கு ஆறு மாதம் செல்லும். அதுவரை என்ன செய்யலாம்? கேள்வியை முதலில் எழுதுங்கள். என்ன செய்ய முயன்றேன், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தேன், உண்மையில் என்ன நடந்தது, இதுவரை எதையெல்லாம் பார்த்தேன் என்று நாலு வரி எழுதுங்கள். எழுதும்பொழுதே பாதிக் கேள்விகளுக்கு விடை தோன்றிவிடும். மிகுதியை அனுப்புங்கள், அல்லது அதைப் பார்த்தே பேசுங்கள். தனியே முயல்வதற்கு ஓர் எல்லை வையுங்கள். அரை மணித்தியாலம் போதும். ஒரு மணித்தியாலம் தாராளம். அதற்குமேல் தனியே மல்லுக்கட்டுவது விடாமுயற்சி அன்று, வெட்கம்.

கூப்பிடுகிற முறையும் நம் பிள்ளைகளை வருத்துகிறது. இருபது வயது மூத்தவர், பிரிவுத் தலைவர், "என்னைப் பெயர் சொல்லியே கூப்பிடு" என்கிறார். நாக்கு வளைவதில்லை. "சேர்" என்றால் சிரிக்கிறார்கள். "அண்ணை" என்று சொல்ல அவர் தமிழர் அல்லர். சில பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல், அவர் திரும்பிப் பார்க்கும்வரை பக்கத்திலே நின்றுகொண்டிருப்பார்கள். இது சிரிக்கக்கூடிய விஷயந்தான். எனினும் கூப்பிட முடியாதவரிடம் கேள்வி கேட்க முடியாது. பெயரைச் சொல்லிப் பழகுங்கள். மரியாதை குரலிலே இருக்கட்டும்.

பிழை நேர்ந்தால் என்ன செய்வது என்பது இதனிலும் பெரிது. 2017ஆம் ஆண்டு தை மாதம் 31ஆம் திகதி நடந்த சம்பவமொன்று கணினி உலகத்திலே எல்லோரும் அறிந்தது. கிற்லாப் என்ற நிறுவனம், உலகெங்குமுள்ள பொறியியலாளர்கள் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் இடங்களிலே ஒன்று. அன்றிரவு நெடுநேரம் வேலை செய்து களைத்திருந்த பொறியியலாளர் ஒருவர், பழுதுபட்ட தரவுத்தளப் பிரதியொன்றை அழிக்க எண்ணி, இரண்டு கணினிகளின் திரைகளை மாறிக்கொண்டு, மூலத் தரவுத்தளத்தையே அழிக்கத் தொடங்கிவிட்டார். ஓரிரு விநாடியிலே கண்டு நிறுத்தினார். அதற்குள் 300 கிகாபைற்றளவிலிருந்தது 4.5 கிகாபைற்றாகிவிட்டது. காப்புப் பிரதிகளைத் தேடினால், இருந்த ஐந்து வழிகளிலே ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. ஒன்று மாறுபட்ட பதிப்பினால் தானாகவே நின்றுபோயிருந்தது; நின்றுபோனதென்று அறிவிக்கும் மின்னஞ்சல்கள் வந்துசேராமலே போயிருந்தன. ஆறு மணித்தியாலத்துக்கு முன் வேறொரு தேவைக்காக எடுத்து வைத்திருந்த ஒரு பிரதி இருந்தபடியால் பிழைத்தார்கள். இடைப்பட்ட ஆறு மணித்தியாலத் தரவு போனது போனதுதான்.

அழித்த பொறியியலாளர் கண்டவுடனே தம் குழுவினரிடம் சொன்னார். நிறுவனமோ நடந்ததையெல்லாம் உலகத்துக்குப் பகிரங்கமாக எழுதியது. மீட்கும் வேலையை யூரியூப்பிலே நேரடியாகக் காட்டியது. அந்தப் பொறியியலாளரை வேலையினின்று நீக்கவில்லை. நீக்கியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? வேலை செய்யாத ஐந்து காப்பு முறைகளும் வேலை செய்யாமலே இருந்திருக்கும். ஒரு மனுஷன் களைத்திருக்கும்பொழுது ஒரு கட்டளையால் எல்லாவற்றையும் அழிக்கக்கூடியதாக இருந்ததே குற்றம் என்று அவர்கள் கண்டார்கள். எல்லா நிறுவனங்களும் இப்படி நடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குற்றவாளியைத் தேடுகிற மேலாளர்களும் நம் நாட்டிலே உண்டு. ஆயினும் புதியவனுக்கு நான் சொல்வது ஒன்றே: கண்ட நிமிஷத்திலே சொல்லுங்கள். பத்து நிமிஷத்திலே சொன்னால் திருத்தலாம். இரண்டு நாள் கழித்துத் தெரியவந்தால், பிழைக்கு மன்னிப்புக் கிடைத்தாலும் மறைத்ததற்குக் கிடையாது. புதியவன் ஒருவனால் முழுவதையும் அழிக்க முடிந்திருந்தால், அந்த அதிகாரத்தை அவன் கையிலே கொடுத்தவர்களுக்கும் அதிலே பங்குண்டு.

மேலே சொன்னவை எந்த நாட்டுப் பிள்ளைக்கும் பொருந்தும். தமிழ்ப் பிள்ளைக்கென்று தனியே ஒன்று உண்டு. அதிலே எனக்குக் கொஞ்சம் வேகம் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளிலே நிறுவனத்தின் படிவம் வரும். முதற் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். நம் பிள்ளைக்குத் தகப்பன் பெயர் ஒன்று, தன் பெயர் ஒன்று. குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. கட்டத்தை வெறுமையாக விட்டால் கணினி ஏற்காது. தகப்பன் பெயரை அங்கே போடுகிறான். மறுநாள் தொடக்கம் கடிதங்களெல்லாம் தகப்பன் பெயருக்கு வருகின்றன. கூட்டத்திலே அவனைத் தகப்பன் பெயரால் கூப்பிடுகிறார்கள். வீட்டிலே சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆனால் வங்கியிலே ஒருவிதம், கடவுச்சீட்டிலே ஒருவிதம், சேமலாப நிதியிலே ஒருவிதம் என்று பெயர் கிடந்தால் பிறகு சிரிக்க முடியாது. இந்தப் படிவத்தைச் செய்தவர் கெட்டவர் அல்லர். உலகத்திலே எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு என்று எண்ணிய ஒருவர் செய்தது. அவர் பக்கத்திலே, "எங்களுக்கு இல்லையே" என்று சொல்ல ஒருவர் இருக்கவில்லை. இனி நீங்கள் இருக்கப் போகிறீர்கள்.

எழுத்து விஷயமும் அப்படியே. 'தமிழ்' என்ற சொல்லிலே மூன்று எழுத்து என்று முதலாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். யூனிக்கோட் முறையிலே கணினி அதை ஐந்தாக எண்ணுகிறது: தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி. வழமையாகச் சேமிக்கும் முறையிலே ஒவ்வொன்றுக்கும் மூன்று பைற்று. ஆக மொத்தம் பதினைந்து. ஆங்கிலத்திலே ஓரெழுத்துக்கு ஒரு பைற்றுத்தான். ஆகவே பெயருக்கு இருபது பைற்று போதும் என்று யாரோ ஒதுக்கியிருந்தால், நம்மவர் பெயர் பாதியிலே முறியும். சில வேளைகளில் புள்ளி உதிர்ந்து வேறு சொல்லாகும். கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தியிலே ஆங்கிலம் 160 எழுத்துக் கொள்ளும். தமிழிலே எழுதினால் 70 குறிகளுடன் முடிந்துவிடும். ஒரு வைத்தியசாலை நோயாளிகளுக்கு அனுப்பும் அறிவித்தல் தமிழிலே போனால் இரண்டு மூன்று செய்தியாகிச் செலவு கூடும். செலவைக் கண்டவர், "ஆங்கிலத்திலே அனுப்புவோம்" என்பார். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத ஆச்சி கிளினிக் திகதியைத் தவறவிடுவார். அந்தக் கூட்டத்திலே நீங்கள் இருந்தால், செய்தியைச் சுருக்கித் தமிழிலேயே எழுபதுக்குள் எழுதிக் காட்டலாம். அதைச் செய்ய ஆங்கிலம் மட்டும் தெரிந்த நிபுணரால் முடியாது.

பெயர்களை அகரவரிசையிலே அடுக்குங்கள் என்று ஒரு வேலை தருவார்கள். கணினி தன்னிடமுள்ள எண் வரிசையிலே அடுக்கும். அந்த வரிசையிலே னகரம் நகரத்துக்கு அடுத்தாற்போல் நிற்கிறது. ஆகவே கனகா முன்னே வருவார், கமலா பின்னே வருவார். நம் நெடுங்கணக்கிலே னகரம் கடைசி எழுத்து. கமலாவே முன்னுக்கு வரவேண்டியவர். தமிழ் வரிசையை அறிந்து அடுக்கும் முறைகள் இன்று இருக்கின்றன. கேட்டு வாங்கினால் கிடைக்கும். கேட்பதற்கு, வரிசை பிழை என்று காணத் தெரிந்த ஒரு கண் வேண்டும். பாமினி எழுத்துருவிலே தட்டச்சுச் செய்த பழைய மலர்களை இன்று திறந்தால், எழுத்துரு இல்லாத கணினியிலே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடப்பதையும் பலர் கண்டிருப்பீர்கள். அவற்றை மாற்றிக் காப்பாற்றும் வேலை இன்னும் மலைபோல இருக்கிறது. நம் பிள்ளைகள் தமிழ் தெரிந்ததை உத்தியோகத்திலே ஒரு குறையாக மறைத்து வைக்கிறார்கள். அது அவர்கள் கையிலுள்ள தொழிற்கருவி.

இப்பொழுது எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இயந்திரமே செய்நிரல் எழுதுகிறதே, பிள்ளைகளுக்கு வேலை இருக்குமா? 2022ஆம் ஆண்டு கார்த்திகை 30ஆம் திகதி சற்ஜீபீரீ வெளிவந்த நாள்முதல் இந்தக் கலக்கம் இருக்கிறது. அது வெறுங்கலக்கம் என்று நான் சொல்லமாட்டேன். முன்பு புதியவர்களுக்குக் கொடுத்த சின்னச் சின்ன வேலைகளிலே பலவற்றை இப்போது அந்தக் கருவிகள் செய்கின்றன. கருவியைப் பாவியுங்கள், பாவியாமல் இருக்கவும் விடமாட்டார்கள். ஆனால் அது தந்த வரிகளிலே உங்களால் வாய்விட்டு விளக்க முடியாத ஒரு வரியையும் உங்கள் பெயரிலே கொடுக்க வேண்டாம். நிறுவனத்தின் இரகசியங்களையும் வாடிக்கையாளரின் தரவுகளையும் அனுமதியின்றி அதிலே ஒட்டவும் வேண்டாம். சற்று முன் சொன்ன 1996ஆம் ஆண்டு நேரக்கணக்கை அந்தக் கருவியிடம் கேட்டால் மறுமொழி சொல்லும். ஆனால் கேட்க வேண்டும் என்று தோன்றுவது உங்களுக்கு.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிநாட்டு வேலை என்றால் வெளிநாட்டு நேரம். இலண்டன் நமக்கு நாலரை அல்லது ஐந்தரை மணித்தியாலம் பின்னே. நியூயோர்க் ஒன்பதரை அல்லது பத்தரை. நியூயோர்க்கிலே பிற்பகலிலே கூட்டம் வைத்தால் நமக்குச் சாமம். வெள்ளவத்தையிலே போடிங் அறை, மத்தியானம் சோற்றுப் பார்சல், இரவு பத்து மணிக்குக் கொத்துரொட்டி, நள்ளிரவிலே தொலைபேசிக் கூட்டம். இப்படி ஓராண்டு போனால், அடுத்த விடுமுறைக்கு வரும் பிள்ளையைத் தாயார் அடையாளங்காண மாட்டார். கிழமையிலே இரண்டு இரவாவது கணினியை மூடிவைக்க முடியுமா என்று மேலாளரிடம் கேட்பதில் அவமானம் ஒன்றுமில்லை. நம் நாட்டிலே கந்தோர் ஊழியருக்கென்று 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. கிழமைக்கு 45 மணித்தியாலம் என்பது அதன் கணக்கு. அதற்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு என்பதும் அதிலே உண்டு. மென்பொருள் நிறுவனங்களிலே இதைப் பேசுகிறவர் குறைவு. பேசாவிட்டாலும் தெரிந்திருக்க வேண்டும்.

சம்பளப் பத்திரத்தையும் வாசியுங்கள். முதற் சம்பளத்தைப் பார்த்து, "சொன்னது ஒன்று, வந்தது ஒன்று" என்று வீட்டிலே சண்டை நடப்பதை நான் அறிவேன். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு நூற்றுக்கு 8; அதைக் கழித்துத்தான் தருவார்கள். நிறுவனம் தன் பங்குக்கு 12 போட வேண்டும். அது 1958ஆம் ஆண்டின் சட்டம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நிறுவனமே 3 போட வேண்டும். உங்களிடம் கழிக்கக் கூடாது. 2025ஆம் ஆண்டு சித்திரையிலே வந்த மாற்றத்தின்படி மாதம் 150,000 ரூபாவரை வருமான வரி இல்லை. அதற்கு மேற்பட்டால் உண்டு. ஐந்து ஆண்டு நிறைந்தால் பணிக்கொடை என்று ஒன்று இருக்கிறது. பென்சன் இல்லையே என்று வருந்தும் பெரியவர்கள் இந்த மூன்றையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பென்சனுக்கு இவை ஈடாகா. ஆனால் ஒன்றுமில்லை என்று சொல்வதும் சரியன்று.

பெரியவர்களிடம் இன்னுமொரு வேண்டுகோள். தகுதிகாண் காலம் முடிவதற்குள்ளேயே, "அந்த வீட்டுப் பிள்ளை கனடாவுக்குப் போய்விட்டான், நீ எப்போது?" என்று தொடங்கிவிடுகிறோம். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலே நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லாதிருந்ததையும், ரூபா விழுந்ததையும் கண்ட எவரும் போகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. போவதானால் போகட்டும். ஆனால் முதல் ஆறு மாதத்திலே பிள்ளை ஒரு வேலையை விளங்கிக்கொள்ள முயல்கிறான். அந்த ஆறு மாதத்துக்கு அந்தக் கேள்வியைக் கேளாமல் இருந்து பாருங்கள். வேண்டுமானால், இன்றைக்கு என்ன வாசித்தாய் என்று கேளுங்கள். சொல்ல வராது, முதலில் தடுமாறுவான். தாயாருக்கு விளங்கும்படி சொல்லப் பழகிய பிள்ளை, காலைக் கூட்டத்திலும் சொல்வான்.

நேரமாகிவிட்டதென்று தலைவர் அவர்கள் சைகை காட்டுகிறார்கள். நியமனக் கடிதம் கிடைத்திருப்பவர்கள் நாலைந்துபேர் இங்கே இருப்பதாக அறிகிறேன். கூட்டம் முடிந்தபின் நான் வாசிகசாலை அறையிலே இருப்பேன். கடிதத்தைக் கொண்டு வாருங்கள். கையொப்பமிடுமுன் ஒன்றாக இருந்து வாசிப்போம். தகுதிகாண் காலம் எத்தனை மாதம், விலகுவதானால் எத்தனை நாள் முன்னறிவித்தல், படிப்பித்த செலவைத் திருப்பிக் கேட்கும் ஒப்பந்தம் ஏதும் உள்ளே இருக்கிறதா என்பவற்றை முதலிலே பார்ப்போம். பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் பார்ப்போம். பெற்றோரும் வரலாம்.